34 வயதில் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம்: இந்த ஜூனா, அடுத்த ஜூனா?

மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 2013இல் தமிழ்நாட்டில் மின்னணுப் பொறியியல் முடித்து, அன்று முதல் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது. எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

2024 கோடையில் என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவருக்குக் கடைவாய்ப்பல்லில் தாங்க முடியாத வலி வந்தது. கட்டணம் குறைவாக இருக்கும் என்று ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் சிகிச்சையகத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்காக மூன்று மணி நேரம் அருகிலேயே அமர்ந்திருந்தேன். சிகிச்சை அளித்த மாணவி ஒவ்வொரு படியையும் முடித்தபின் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பார். ஆசிரியர் வந்து சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அடுத்த படி தொடங்கும். பிறர் எழுதிய நிரலில் பிழை தேடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, தன் கையால் செய்ததைத் தானே நிறுத்தி நிறுத்திச் சரிபார்க்கும் அந்த வேலை மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த இலையுதிர்காலத்திலேயே கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

இதுவரை பொது வேதியியல் இரண்டு பருவங்களும் உயிரியல் இரண்டு பருவங்களும் ஆய்வகத்தோடு முடித்திருக்கிறேன். முதல் வேதியியலில் பி, மற்ற மூன்றிலும் ஏ. இப்போது கரிம வேதியியலின் முதல் பருவம் நடந்துகொண்டிருக்கிறது. அதன் இரண்டாம் பருவத்தைக் கோடையில் எடுத்துக்கொண்டு, ஆகஸ்டில் டிஏடி என்னும் பல் மருத்துவ நுழைவுத் தேர்வையும் எழுதிவிட்டு, இயற்பியலையும் உயிர்வேதியியலையும் 'எடுக்கவிருப்பவை' என்று குறிப்பிட்டு 2026 சுற்றிலேயே விண்ணப்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஓராண்டு தள்ளிப்போட்டால் பட்டம் பெறும்போது எனக்கு நாற்பது ஆகிவிடும். பொறியியலில் நான் பெற்றது 64 விழுக்காடுதான். அது குறுக்கே நிற்குமா? பன்னிரண்டு ஆண்டு வேறு தொழிலில் இருந்ததை எப்படி எழுதுவது? இந்த வழியில் போனவர்கள் யாரேனும் இருந்தால், இனிக்கப் பேசாமல் உள்ளதைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாமாண்டு மறுமொழி:

வணக்கம் சகோதரி. நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். 36 வயதில் முதலாம் ஆண்டில் சேர்ந்து இப்போது மூன்றாம் ஆண்டில் நோயாளிகளைப் பார்க்கிறேன். என் வகுப்பில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருக்கிறார். வயதைப் பற்றி நேர்காணலில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனவே வயதை விட்டுவிட்டு, நீங்கள் கணக்கில் கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஏஏடிஎஸ்ஏஎஸ் என்னும் பொது விண்ணப்பம் மே மாத நடுவில் திறக்கும். ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கத் தொடங்கலாம். கல்லூரிகள் எல்லா விண்ணப்பங்களும் வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. வர வரப் படித்து, நேர்காணலுக்கு அழைத்து, டிசம்பரில் முதல் இடங்களை வழங்கிவிடுகின்றன. நான் முதல் முறை விண்ணப்பித்தபோது அக்டோபரில் டிஏடி எழுதினேன். ஒரு பேராசிரியரின் கடிதம் தாமதமாகி, விண்ணப்பம் முழுமை பெற்றபோது நவம்பர் பாதி கடந்திருந்தது. பதினொரு கல்லூரிகளில் ஒன்றுகூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே டிஏடி மதிப்பெண்ணோடு, கட்டுரையை மட்டும் திருத்தி, ஜூன் முதல் வாரத்தில் அனுப்பினேன். மூன்று அழைப்புகள் வந்தன. விண்ணப்பக் கட்டணமும் ஓராண்டும் வீணானது என் அவசரத்தால்தான். ஆகஸ்டில் டிஏடி எழுதும் உங்கள் திட்டம், நான் செய்த தவற்றிலிருந்து இரண்டு மாதம் மட்டுமே விலகி நிற்கிறது.

அடுத்து உங்கள் பழைய மதிப்பெண். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்த பாடங்களை ஏஏடிஎஸ்ஏஎஸ் தன் சராசரிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டத்தைப் பாடவாரியாக மதிப்பிட்டு அறிக்கை தரும் நிறுவனங்கள் வழியாக அதை அனுப்ப வேண்டியிருக்கும். கல்லூரிகள் அதைப் பார்க்கவும் செய்யும். ஆனால் விண்ணப்பத்தின் முகப்பில் தெரியும் சராசரியில் அந்த 64 விழுக்காடு இராது. இதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். இங்கே படித்த இளநிலைப் பட்டதாரிக்கு 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) பின்னால் நிற்கிறது. உங்களுக்கு இங்கே எடுத்த பாடங்கள் மட்டுமே முழுச் சராசரி. விண்ணப்பிக்கும்போது 40 கிரெடிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்ற அனைத்திலும் ஏ வாங்கி, நான்கு கிரெடிட் கொண்ட ஒரே பாடத்தில் சி வந்தால் உங்கள் சராசரி (ஏ-க்கு 4, சி-க்கு 2 என்ற கணக்கில்) 3.80 ஆகும், 120 கிரெடிட் உள்ளவருக்கு அதே சி வந்தால் 3.93. திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய சி மறைவதில்லை. இரண்டு முயற்சிகளையும் அவர்கள் கூட்டுகிறார்கள். ஆகவே முழுநேர வேலையோடு, கோடையின் சில வாரங்களுக்குள் சுருக்கி நடத்தப்படும் கரிம வேதியியல் இரண்டாம் பருவத்தையும் எடுத்து, அதே வாரங்களில் டிஏடிக்கும் படிப்பது என்பது, இருக்கும் ஒரே கையிருப்பை ஒரே ஆட்டத்தில் வைப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருந்தால் போதும் என்று சில கல்லூரிகள் சொல்லும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கிரெடிட்டுகள் இங்கே இருக்க வேண்டும் என்று சில வற்புறுத்தும். கம்யூனிட்டி கல்லூரிப் பாடங்களை ஏற்பதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். நியூ ஜெர்சியில் இருப்பது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூவார்க் கல்லூரி ஒன்றுதான். சுற்றிலும் என்ஒய்யு, கொலம்பியா, ஸ்டோனி புரூக், பென்சில்வேனியா, டெம்பிள் என்று பல உள்ளன. இவற்றில் எவை வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவரை எந்த நிபந்தனையில் ஏற்கின்றன என்பதை நண்பர்களிடம் கேட்காமல் சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். நான் முதலில் தேர்ந்த பதினொன்றில் இரண்டு, என் கல்வித் தகுதிக்கு ஏற்பவையே அல்ல என்று பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

டிஏடி பற்றிப் பழைய பதிவுகளைப் படித்தால் 20, 22 என்று மதிப்பெண் பேசுவார்கள். அது 30 வரை போகும் பழைய அளவுகோல். 2025 மார்ச்சிலிருந்து 200 முதல் 600 வரையிலான அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பழைய எண்களை இலக்காக வைத்துக் குழம்ப வேண்டாம். தேர்வில் இயற்பியல் இல்லை. எனவே அதை முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. கரிம வேதியியலில் வரும் 30 கேள்விகள் இரண்டு பருவங்களிலிருந்தும் வரும். அதை முடிக்காமல் உட்காராதீர்கள்.

பி.டி.எஸ். முடித்து வந்த உறவினர் யாராவது "இரண்டே ஆண்டில் முடித்துவிடலாமே" என்று சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே பல் மருத்துவர்களாக இருப்பவர்களுக்கான தனி வழி. நமக்கு நான்கு ஆண்டுகள்தான்.

கடைவாய்ப்பல் மறுமொழி:

நான் பதினாறு ஆண்டுகளாகப் பொதுப் பல் மருத்துவம் செய்துவருகிறேன். விண்ணப்பிக்க நினைக்கும் பலர் என் சிகிச்சையகத்தில் வந்து உடனிருந்து பார்த்திருக்கிறார்கள். முந்தைய நண்பர் மதிப்பெண்ணைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். உங்கள் பதிவில் நான் தேடிக் கிடைக்காதது ஷேடோயிங், அதாவது ஒரு மருத்துவரோடு உடனிருந்து அவர் வேலையைக் கவனிப்பது. கல்லூரிச் சிகிச்சையகத்தில் உறவினரோடு அமர்ந்திருந்த மூன்று மணி நேரம் நல்ல தொடக்கம். ஆனால் அது ஒரு நாள்.

நூறு மணி நேரம் என்று பலரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். எண்ணைவிட, எதைப் பார்க்கிறீர்கள் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய் நான்கு ஞானப்பற்களை எடுப்பதைப் பார்ப்பது சுவையாக இருக்கும். அதைவிட, ஒரு பொதுப் பல் மருத்துவரிடம் ஒரே கிழமையில் தொடர்ந்து பல வாரங்கள் செல்லுங்கள். மேல் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் சொத்தையை அடைக்கும்போது மருத்துவர் பல்லை நேராகப் பார்ப்பதில்லை, கண்ணாடியில்தான் பார்க்கிறார். கண்ணாடியில் தெரியும் திசைக்கு எதிராகக் கை நகர வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றி, சிறு மர ஆப்பை இடுக்கில் செருகி இறுக்கிய பிறகே அடைப்புப் பொருளை வைக்க முடியும். அந்த ஆப்பு அரை மில்லிமீட்டர் பிசகினால், அடுத்த ஆண்டு அதே நோயாளி அதே இடத்தில் உணவு சிக்குகிறது என்று திரும்பி வருவார். இவ்வளவும், நாக்கால் உங்கள் விரலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒருவரின் வாய்க்குள் நடக்கிறது. பிற்பகலில் கழுத்து வலிக்கும். இரண்டு பேர் முன்னறிவிப்பின்றி வராமல் போவார்கள். காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்ததை நோயாளிக்கு விளக்குவதில் அரை மணி நேரம் கழியும். இதையெல்லாம் பார்த்த பிறகும் மறுவாரம் நீங்கள் வந்து நிற்பீர்களா என்பதைத்தான் தேர்வுக் குழு அறிய விரும்புகிறது. அதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது.

கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 4,500 எழுத்துகள்தான் இடம். பன்னிரண்டு ஆண்டுகளை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் எழுதாதீர்கள். "சிறு வயது முதல் பல் மருத்துவம் என் கனவு" என்றும் எழுதாதீர்கள். அது உண்மையில்லை என்பது உங்கள் பணி வரலாற்றைப் பார்த்த மறுகணமே தெரிந்துவிடும். மாணவி கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார் என்று இங்கே நீங்கள் எழுதிய அந்த வரி, நான் படித்திருக்கும் பல கட்டுரைகளை விடச் சிறப்பானது. அங்கிருந்து தொடங்கி, அதன்பின் மாலை வகுப்பு, அதன்பின் சிகிச்சையகத்தில் கண்டது என்று வரிசையாகச் சொன்னாலே, ஏன் இப்போது என்ற கேள்விக்கு விடை வந்துவிடும். "ஏன் மருத்துவம் அல்ல, ஏன் ஹைஜீனிஸ்ட் படிப்பு அல்ல?" என்றும் கேட்பார்கள், பற்களைச் சுத்தம் செய்து பராமரிக்கும் ஹைஜீனிஸ்டாக இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேலைக்குப் போய்விடலாம் என்பதால், குடும்பம் உள்ளவரிடம் இந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு உங்களிடம் விடை இருக்கிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை மறுமொழி:

இருவருமே காத்திருக்கச் சொல்கிறார்கள். காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதைப் பதிவு செய்யவே எழுதுகிறேன். என் மனைவி 33 வயதில் சேர்ந்து சென்ற ஆண்டு பட்டம் பெற்றார். வீட்டில் கணக்கு வைத்திருந்தவன் நான். ஓராண்டு தள்ளினால் கட்டணம் ஏறும். தொழிலின் முடிவில் ஓராண்டு வருமானம் குறையும். டிஏடியை மே மாதத்திலேயே எழுதக்கூடிய நிலையில் யாராவது இருந்தால், இயற்பியல் மீதமிருக்கிறது என்பதற்காக மட்டும் நிற்க வேண்டாம் என்றே சொல்வேன். முடியாத பாடங்களை நடப்பவை, எடுக்கவிருப்பவை என்று குறிப்பிட விண்ணப்பத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்குக் கரிம வேதியியலே பாதியில் நிற்பதால், உங்கள் விஷயத்தில் அவர்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் ஒருவரும் பணத்தைத் தொடவில்லை. 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கடன் இல்லை. கல்லூரி குறிப்பிடும் செலவு முழுவதையும் அரசிடமே கடனாகப் பெற வழிசெய்தது அந்தத் திட்டம்தான். என் மனைவி படித்தது அதை நம்பித்தான். இனி பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் நிற்கும். தனியார் கல்லூரிகளில் கட்டணம், கருவிகள், வாழ்க்கைச் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,00,000 டாலரைத் தாண்டுபவை உள்ளன. எஞ்சிய பாதியைத் தனியார் கடனாக வாங்கும்போது வட்டி உங்கள் கடன் வரலாற்றைப் பொறுத்தது, பிணையாளரையும் கேட்கலாம். ஆகவே கல்லூரிப் பட்டியலைப் பெயரை வைத்துப் போடாதீர்கள். அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் எங்கே கிடைக்கும் என்பதை வைத்துப் போடுங்கள்.

சேவை செய்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டால் முழுக் கட்டணத்தையும் ஏற்கும் திட்டங்கள் இரண்டு பற்றிக் கேள்விப்படுவீர்கள்: ஒன்று இராணுவத்தின் எச்பிஎஸ்பி, மற்றொன்று மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் பணிபுரிவதற்கான என்எச்எஸ்சி. இரண்டுக்கும் குடியுரிமை வேண்டும்; கிரீன் கார்டு போதாது. சென்ற ஆண்டுதான் கார்டு வந்தது என்பதால், சேரும்போது அவை உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. எனவே காத்திருக்கும் ஓராண்டின் சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று இன்றே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தாளில் எழுதிக் கணவரிடமும் காட்டுங்கள். வாயால் பேசும்போது எல்லாக் கணக்கும் சரியாக வருவதுபோலவே தோன்றும்.

சான் பிரான்சிஸ்கோவில் பசிபிக் பல்கலைக்கழகத்தின் கல்லூரி, நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தை இடைவிடாமல் நடத்தி மூன்று ஆண்டுகளில் முடிக்கிறது. நாற்பது வயது உங்களை உறுத்துகிறது என்றால் அதையும் பட்டியலில் பாருங்கள். ஆனால் எட்டு வயதுக் குழந்தையோடு நாட்டின் மறு கோடிக்குக் குடிபெயர்வதும் கணக்கில் வர வேண்டும்.

மாலைவகுப்பு மறுமொழி:

மூவருக்கும் என் நன்றி. படித்தவுடன் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். 2027 ஜூன் என்று முடிவு செய்துவிட்டேன். கரிம வேதியியல் இரண்டாம் பருவத்தைக் கோடையில் எடுக்காமல் இலையுதிர்காலத்தில், நான்காண்டுக் கல்லூரி ஒன்றில் எடுக்கிறேன். இயற்பியல் முதல் பருவம் மட்டும் கோடையில்.

வீட்டருகே இருக்கும் ஒரு பல் மருத்துவரிடம் கேட்டேன்; சனிக்கிழமை காலைகளில் வரச் சொல்லியிருக்கிறார். ஹைஜீனிஸ்ட் கேள்விக்கு என்னிடம் உடனடியாக விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஹைஜீனிஸ்டாக இருப்பவரிடமே ஒரு சனிக்கிழமை பேசுவதாக இருக்கிறேன்.

இரண்டு சிறு கேள்விகள் மட்டும். டிஏடியை 2027 ஜனவரியில் எழுதலாமா? கடிதங்களுக்கு யாரை எப்போது கேட்பது? மாலை வகுப்பில் அறுபது பேர். என் பெயர் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

மூன்றாமாண்டு மறுமொழி:

ஜனவரி பொருத்தமான காலம். இரண்டாம் பருவம் டிசம்பரில் முடிந்த சூட்டோடு எழுதலாம். மதிப்பெண் போதவில்லை என்றால் இடைவெளி விட்டு மீண்டும் எழுதவும், ஜூனுக்கு முன் முடிவு வரவும் நேரம் இருக்கும். படிப்பதை டிசம்பரில் தொடங்கினாலும், இடப்பார்வைப் பகுதியை மட்டும் இந்த மாதமே தொடங்குங்கள். 90 கேள்விகள், 60 நிமிடம். துளை வழியே பொருள் செல்லுமா என்று பார்ப்பது, மடித்த தாளில் துளையிட்டு விரிப்பது, கோணங்களை வரிசைப்படுத்துவது, வண்ணம் பூசிய கனசதுரங்களை எண்ணுவது உட்பட ஆறு வகை. இவற்றை ஒரே மாதத்தில் திணிக்க முடியாது. நான் இரவில் தூங்குமுன் பத்துக் கோணக் கேள்விகள் போடுவேன். முதல் மூன்று வாரம் எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. பிறகு ஒரு நாள் இரண்டு பாகை வித்தியாசம் கண்ணில் பட்டது.

கடிதங்கள் நான்கு வரை அனுப்பலாம். அறிவியல் பேராசிரியர்கள் இருவர், பல் மருத்துவர் ஒருவர், உங்கள் மேலாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்பார்ப்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மேலாளரை மறக்காதீர்கள், பன்னிரண்டு ஆண்டு உங்களோடு வேலை பார்த்தவர்கள் தரும் சாட்சியம், 21 வயது மாணவருக்குக் கிடைக்காதது. பேராசிரியர்களைப் பொறுத்தவரை, இப்போது நடக்கும் கரிம வேதியியல் வகுப்பிலேயே தொடங்குங்கள். அவரது ஆலோசனை நேரத்துக்கு, ஆய்வக அறிக்கையில் உங்களுக்கு உண்மையிலேயே புரியாத ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். என் வகுப்பில் ஒரு பொருள் தூயதா என்று காட்டும் மெல்லடுக்குத் தட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது, ஒரு புள்ளி தெரிய வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டு தெரிந்தன. அந்தத் தட்டை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன். பொருளைக் கரைத்து மீண்டும் படிகமாக்கும்போது கரைப்பானை அதிகமாக ஊற்றிவிட்டு, பொறுமையில்லாமல் பனிக்கட்டியில் வைத்துவிட்டேன் என்று கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் நாற்பது நிமிடம் ஆயிற்று. ஓராண்டு கழித்து அவர் எழுதிய கடிதத்தை நான் படித்ததில்லை. ஆனால் நேர்காணலில் ஒருவர் அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றி என்னிடம் கேட்டார்.